கோணலுக்கு ஏற்ற கோணல்

ரைஃபிள் மேல் ஸ்கோப்பைப் பிடித்திருப்பவை இரண்டு வளையங்கள். இரண்டுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்வளையம் மட்டும் ஒரு ஏ4 தாளின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர், பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்துவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. இது 100 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டராகவும் 300 மீட்டரில் 30 சென்டிமீட்டராகவும் வளர்ந்து நிற்கும். பார்ப்பது ஓரிடம், குண்டு போவது வேறிடம்.

ஸ்கோப்பின் தலையில் திருகு இருக்கிறதே, அதைத் திருப்பிச் சரிசெய்யக் கூடாதா என்று கேட்கலாம். கூடும். ஒரு தாளின் கனத்தை அது சிரமமில்லாமல் விழுங்கிவிடும். பழைய ரைஃபிள்களில் வரும் அரை மில்லிமீட்டர் கோணல்தான் வம்பு. அந்தத் திருகு ஸ்கோப்புக்குள் இருக்கும் இன்னொரு சின்னக் குழாயைத்தான் தள்ளுகிறது. அந்தக் குழாய் நகர உள்ளே இருக்கும் இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தையெல்லாம் கோணலைச் சரிக்கட்டவே செலவழித்துவிட்டால், காற்றுக்கும் தூரத்துக்கும் ஒதுக்க ஒன்றும் மிஞ்சாது.

கோணலின் பிறப்பிடம் பெரும்பாலும் ரிசீவர். ரைஃபிளின் பாகங்களெல்லாம் வந்து சேரும் இரும்பு உடல் அது. முன்பக்கம் குழல் மரையில் இறங்குகிறது, உள்ளே போல்ட் ஓடுகிறது, மேலே ஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட் திருகப்படுகிறது. இந்த உடலைக் கடினமாக்க உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது மெல்லிய பகுதி முந்திக் குளிர்கிறது, தடித்த பகுதி பிந்திக் குளிர்கிறது. அந்த இழுபறியில் இரும்பு துளி முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு பாலீஷ் போடுபவர் கை ஒரு பக்கம் அதிகம் அழுந்தியிருக்கலாம். பழைய ராணுவ ரைஃபிள்கள் பலவற்றில் ஸ்கோப் வைக்கும் யோசனையே முதலில் கிடையாது. பின்னாளில் யாரோ கண்ணளவில் துளை போட்டு டேப் அடித்திருப்பார்கள்.

கோணல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் ஆகச் சுவையான பகுதி. ஏனென்றால் எதை வைத்து அளப்பது? எல்லாவற்றுக்கும் ஆதாரமான குழலின் நடு அச்சு வெறும் காற்று. அதன் மேல் டயல் கேஜின் முள்ளை வைக்க முடியாது. ஆகவே குழலுக்குள் பிசிறில்லாமல் உட்காரும்படி கிரைண்ட் செய்த கம்பி ஒன்றைச் செருகி, ஒரு முனையை வெளியே நீட்டவிடுகிறார்கள். ரைஃபிளை வி பிளாக்குகளில் படுக்கவைத்து, சர்ஃபேஸ் பிளேட் மேல் டயல் ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டே கம்பியின் முதுகை வருட வேண்டும். முள் அசைந்தால் ஒரு வி பிளாக்கின் அடியில் ஷிம், அதாவது மெல்லிய தகடு. மறுபடி வருடல், மறுபடி ஷிம். கம்பி வெளியே நீளும் பகுதியின் இரு கோடியிலும் ஒரே எண் வந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த அச்சு இப்போது பிளேட்டுக்கு இணையாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதே முள்ளை ரிசீவரின் மேற்பரப்பில் ஓட்டினால், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அதுவே சொல்லிவிடும்.

உயரத்தில் குறை என்றால் மவுன்டின் அடியில் ஷிம் வைத்து முடித்துவிடலாம். துளைகளே பக்கவாட்டில் தள்ளியிருந்தால் ஷிம் உதவாது. அப்போது நடு விலகிய துளை கொண்ட உள்வளையங்களைப் போடலாம், அல்லது அந்த ரைஃபிளுக்கென்றே புதிதாக ஒரு மவுன்ட் செய்யலாம். தனி மவுன்டின் அடிப்பக்கம் ரிசீவரின் கோணலை அச்சாகப் பிரதி எடுத்திருக்கும். மேல்பக்கம் குழலின் அச்சோடு நேராக இருக்கும். ரிசீவரில் நீல மையைத் தடவி, மவுன்டை அதன் மேல் வைத்து எடுத்துப் பார்த்து, மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி, திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். டை வேலை செய்பவர்கள் ப்ளூ மேட்சிங் என்பது இதைத்தான்.

செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு: திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் தானாகப் பணிந்துவிடும் என்று நினைப்பது. அப்படிச் சொல்பவர் கையில் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள். இறுக்கினால் மவுன்ட் வளையும், அதோடு ஸ்கோப்பின் மெல்லிய அலுமினியக் குழாயும் வளையும். பார்வைக்கு எல்லாம் நேராகிவிட்டதுபோல் இருந்தாலும், அந்த விறைப்பு உள்ளேயே தங்கியிருக்கும். வெயிலில் வைத்தால் தெரியும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 15 சென்டிமீட்டர் நீள அலுமினிய மவுன்ட் 30 டிகிரி சூடேறினால், தன்னைத் தாங்கும் எஃகைவிட 50 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாக நீளப் பார்க்கும். நாம் சொன்ன தாளில் பாதிக் கனம். விறைத்து நிற்கும் இணைப்பு இந்த இழுப்பில் எங்காவது நழுவும். நேற்று வைத்த குறி இன்று இருக்காது.

கோணலை அளந்து அதற்கேற்பச் செய்வதற்குப் பெயர்பெற்ற உதாரணம் இரண்டாம் உலகப் போரில் வந்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4(டி). நன்றாகச் சுட்ட ரைஃபிள்களைப் பொறுக்கி எடுத்து ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொன்றின் ரிசீவரிலும் இடப்பக்கம் தாங்கிகளைப் பொருத்தி, பிராக்கெட்டை அந்த ஒரு ரைஃபிளுக்கென்றே சேர்த்தார்கள். பிராக்கெட்டில் ரைஃபிளின் எண்ணைப் பொறித்தார்கள், ரைஃபிளின் மரக்கட்டையில் ஸ்கோப்பின் எண்ணைப் பொறித்தார்கள். ஜோடி மாறினால் வேலைக்கு ஆகாது.

ஜோடி சேர்த்துச் செய்யும் இந்த முறைக்கு நேர் எதிரான உலகம் ஒரகடத்தை ஒட்டிய சேரப்பணஞ்சேரியைச் சுற்றி இருக்கிறது. கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஓடும் இந்தத் தொழிற்பட்டையில் எந்த நட்டும் எந்த போல்ட்டிலும் ஏற வேண்டும். எண் பார்த்து ஜோடி தேடிக்கொண்டிருந்தால் அசெம்பிளி லைன் நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த ஒழுங்கைக் கார்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் துப்பாக்கிக்காரர்கள். கெடிலாக் காரை உருவாக்கிய ஹென்றி லேலண்ட் இளவயதில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் வேலை பார்த்தவர். 1908-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் மூன்று கெடிலாக் கார்களை அக்கக்காகப் பிரித்து, பாகங்களைக் கலந்துபோட்டு, சிலவற்றுக்குக் கடைச்சரக்கை மாற்றி வைத்து, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டினார்கள். அவை 500 மைல் ஓடிக் காட்டின. அதற்காக அந்நிறுவனத்துக்கு டூவார் கோப்பை கிடைத்தது.

இன்னொருவர் ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா ரைஃபிள் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்த கார்ல் எட்வர்ட் ஜொஹான்சன். 1890-களில் மவுசர் ரைஃபிளின் தயாரிப்பைப் பார்க்க ஜெர்மனிக்குப் போனார். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி கேஜ் வைத்துக்கொண்டு அங்குள்ளவர்கள் படும் பாட்டைக் கண்டு ஏமாற்றத்தோடு திரும்பினார். ஊர் திரும்பும் ரயிலில் அவருக்கு வந்த யோசனைதான் இன்று நம் பட்டறைகளில் ஸ்லிப் கேஜ் என்று புழங்கும் எஃகுக் கட்டைகள். 102 கட்டைகளை விதவிதமாக அடுக்கினால் இருபதாயிரம் அளவுகள் கிடைக்கும். மனைவியின் தையல் இயந்திரத்தைத் தேய்ப்பு இயந்திரமாக மாற்றி, அந்தக் கட்டைகளை வீட்டிலேயே தேய்த்து முடித்தார் மனிதர். (அந்த அம்மாள் என்ன சொன்னாரோ!) 1923-ல் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டவர் ஹென்றி ஃபோர்டு. கட்டையும் சூட்டில் விரியும் என்பதால், அளவு பார்க்க 20 டிகிரி வெப்பம் என்று 1931-ல் சர்வதேச அளவில் ஏற்கப்பட்டது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் தொழிற்சாலையின் அளவை அறைகள் 20 டிகிரியில் சில்லென்று இருப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டில் ரைஃபிள் செய்யும் இடம் திருச்சி. அங்கே 1966-ல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. 2019-ல் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு மையம். ஆனால் சேரப்பணஞ்சேரிப் பட்டறைக்காரர் நினைத்த மாத்திரத்தில் ரைஃபிளில் கை வைக்க முடியாது. 1959-ன் ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கக்கூட உரிமம் வேண்டும். அது சரிதான்.

ரைஃபிள் இல்லாமலே இதே வித்தையை இந்தப் பக்கத்து மெயின்டனன்ஸ் ஃபிட்டர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மோட்டாரையும் பம்பையும் கப்ளிங்கில் சேர்க்கும்போது இரண்டு தண்டுகளின் அச்சும் ஒன்றாக வர வேண்டும். மோட்டாரின் நாலு காலில் ஒன்று தரையில் படியாமல் நின்றால், போல்ட்டை முறுக்கி அமுக்கக் கூடாது; அமுக்கினால் மோட்டாரின் உடலே வளைந்து பேரிங் சீக்கிரம் போய்விடும். ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, டயல் முள் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்து, அந்தக் காலின் கீழ் அந்தக் கனத்துக்கு ஷிம் வைக்கிறார்கள்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் தம்பி தங்கைகள் இதைச் செய்து பார்க்க ஒரு டயல் கேஜ், இரண்டு வி பிளாக், ஒரு பழைய தண்டு போதும். பாதி வழியில் வி பிளாக்கின் அடியில் ஒரு தாளைச் செருகிவிட்டு, முள் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.