மேசைப் புகைவண்டியும் திருச்சிராப்பள்ளிக் காட்சிச்சாலையும்

எம்முடன் விடுதியில் உறையும் பௌதிக மாணவர் ஒருவருக்குப் பிரான்சு நாட்டில் வாழும் தாய்மாமன் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு பெட்டி கொணர்ந்து அளித்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் மிக்க நம் புதுச்சேரியில் இத்தகைய பெட்டிகள் வந்து இறங்குவது புதிதன்று. பெரும்பாலும் அவற்றில் வாசனைத் தைலமும் சாக்கலேட்டும் இருக்கும். இதனுள்ளோ இரண்டு புகைவண்டிப் பொறிகளும், ஆறு பெட்டிகளும், வளைந்த தண்டவாளத் துண்டுகளும் இருந்தன. அன்று மாலையே விடுதி உணவறையின் நீண்ட மேசையைத் துடைத்து, அதன்மேல் பாதையை வட்டமாகப் பூட்டினோம். பாடம் படிக்க வேண்டிய இரவு எவ்வாறு கழிந்தது என்பதை ஆசிரியப் பெருமக்கள் கேளாதிருப்பாராக.

இச்சிறு வண்டிகள் ஓர் ஒழுங்கான கணக்கின்படி செய்யப்பெறுவன. எச். ஓ. என வழங்கும் அளவில், உண்மைப் பொருளின் 87 மில்லிமீட்டர் மாதிரியில் 1 மில்லிமீட்டராகச் சுருங்கும். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் பல்லாண்டு காலம் செய்யப்பட்ட பயணிகள் பெட்டி ஏறக்குறைய 21 மீட்டர் நீளமுடையது; அதனை இவ்வளவிற் சுருக்கினால் ஒரு சாண் அளவிற்குச் சற்று மிகும். ஐரோப்பாவில் இரு தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அதனை 87ஆல் வகுக்க வருவது 16.5. அதுவே மாதிரிப் பாதையின் அகலம். நம் நாட்டு அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். எனவே இந்தியப் பொறி ஒன்றை அதே அளவிற் செய்தால் அதன் பாதை 19 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல் வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர்ப் பாதைமேல் அதனை நிறுத்துவோமாயின், பருத்த உடலினர் ஒருவர் சிறுவனின் செருப்பை அணிந்து நிற்பது போலத் தோன்றும். பழைய மீட்டர் பாதைப் பொறிக்கோ பதினொன்றரை மில்லிமீட்டரே போதும்.

கணக்கு இவ்வளவில் நின்றதா? நில்லாது. புதுச்சேரிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே உள்ள இருப்புப்பாதை ஏறக்குறைய 38 கிலோமீட்டர். அதனை அவ்வாறே சுருக்கி அமைக்க விரும்பினால் 437 மீட்டர் வேண்டும். கடற்கரைச் சாலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மேசைமேல் வைக்கும் வளைவும் பொய்யே. அகலப் பாதையில் மிகக் கடிய வளைவிற்கும் 175 மீட்டர் ஆரம் உண்டு. அதனைச் சுருக்கினாலும் 2 மீட்டர் வரும். எமது மேசையில் இருந்த வளைவோ அரை மீட்டரும் இல்லை. மாதிரி செய்வோர் நீளத்திலும் வளைவிலும் பொய் சொல்லி, பெட்டியின் ஆணியிலும் சன்னலிலும் மெய் சொல்வர். இவ்வுடன்படிக்கைக்கு இசைந்தோரே இக்கலையில் மகிழ்வர்.

வண்டி ஓடும் முறையும் எளிதே. 12 வோல்ட்டு அளவான மின்சாரம் ஒரு தண்டவாளத்தின் வழியே வந்து, சக்கரத்தின் வாயிலாகப் பொறியின் உள்ளிருக்கும் மோட்டாரைச் சுழற்றி, எதிர்ச் சக்கரத்தின் வழியே மற்றைத் தண்டவாளத்தை அடைந்து திரும்புகின்றது. இரு புறத்துச் சக்கரங்களும் ஒன்றோடொன்று மின்சாரம் கலவாதபடி பிரிக்கப்பட்டிருக்கும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். இதில் ஒரு வியப்பு: பொறியைத் தூக்கித் தலைமாற்றி வைத்தாலும் அது முன்சென்ற பக்கமே செல்லும், ஏனெனில் திசையைத் தீர்மானிப்பது தண்டவாளமேயன்றிப் பொறியன்று. ஆகவே ஒரே வட்டத்தில் இரு பொறிகளை வைத்தால் அவை எதிரெதிரே வந்து முட்டா. ஆயினும் விரைவில் மிக்கது மெல்லச் செல்வதைத் துரத்திப் பிடித்துப் பின்புறத்தில் மோதும். புதிய முறையில் எண்வழிக் கட்டளைகளை அனுப்பி ஒவ்வொரு பொறியையும் தனித்தனியே ஆளலாம். எம் தோழரது பெட்டி அவ்வகையினது அன்று.

இரண்டாம் நாள் எம் பாட்டனார் வில்லியனூரிலிருந்து எம்மைக் காண வந்தார். மீட்டர் பாதைக் காலத்தில் சிற்றூர் நிலையம் ஒன்றில் பாயிண்ட்ஸ்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். மேசையருகே நின்று சிறிது நேரம் பார்த்தார். பின்வண்டி முன்வண்டியை இடித்து, இரண்டு பெட்டிகள் மேசையினின்று விழுந்தன. யாங்கள் நகைத்தோம், அவர் நகைக்கவில்லை. "முன் வண்டி போய்ச் சேர்ந்ததுன்னு தெரியாம பின் வண்டிய விட்டது யாரு தம்பி? லைன் கிளியர் யாரு குடுத்தது?" என வினவினார். எம் தோழர், "விளையாட்டுத்தானே தாத்தா" என்றார். பாட்டனார் குனிந்து, விழுந்த பெட்டிகளை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை. அம்மௌனமே எம்மைத் திருச்சிராப்பள்ளிக்கு இட்டுச் சென்றது எனலாம்.

பயணம் புறப்பட்ட பாதையைப் பற்றி ஒரு சொல். 1878இல் ஆங்கில அரசினரும் பிரெஞ்சு அரசினரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, 1879 டிசம்பரில் புதுச்சேரி விழுப்புரத்தோடு இருப்புப்பாதையால் இணைந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அமைந்த பகுதி 8 மைலுக்கும் சற்றுக் குறைவே. அதற்கெனப் புதுச்சேரி ரெயில்வே கம்பெனி என ஒரு தனிக் கம்பெனி இருந்தது. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரெயில்வே. இரு கொடிகளின்கீழ் ஓடிய வண்டி அது. காரைக்காலுக்கும் பேரளத்திலிருந்து 1898இல் பாதை வந்தது. 1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரி இந்திய ஆட்சியோடு சேர்ந்தபின் எல்லை மறைந்தது. மீட்டர் பாதை மட்டும் ஐம்பது ஆண்டு நிலைத்து, 2004இல் அகலப் பாதையாக மாறிற்று. சின்ன பாபு சமுத்திரம், வளவனூர் நிலையங்களை வண்டி கடக்கும்போது பாட்டனார் சன்னலுக்கு வெளியே பார்த்தவண்ணமே இருந்தார்.

விழுப்புரத்தில் மாறி, விருத்தாசலம் வழியே சென்றோம். அரியலூரை விட்டு நீங்கியபின் மருதையாற்றுப் பாலத்தைக் கடந்தோம். 1956 நவம்பர் 23ஆம் நாள் வெள்ளத்தால் பாதை சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தது இவ்விடத்தே. அதற்குப் பொறுப்பேற்று அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தமை பலரும் அறிந்ததே. பெட்டியில் இருந்தோர் சீட்டாடிக்கொண்டிருந்தனர். பாட்டனார் மட்டும் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

திருச்சிராப்பள்ளிச் சந்திப்பிற்கு அணித்தே அமைந்த இருப்புப்பாதைப் பாரம்பரியக் காட்சிச்சாலை 2014இல் திறக்கப்பெற்றது. பெரியதன்று. டெல்லியில் 1977இல் தோன்றிய தேசியக் காட்சிச்சாலையையோ, 2002இல் தொடங்கிய சென்னைக் காட்சிச்சாலையையோ கண்டோர் இதனை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவர். ஆயினும் இஃது இருக்க வேண்டிய இடம் இதுவே. 1874இல் உருவான தென்னிந்திய ரெயில்வேயின் தலைமையிடமாகப் பின்னர் விளங்கியது திருச்சிராப்பள்ளி. நாகப்பட்டினத்துப் பணிமனை பெயர்ந்து வந்து அமைந்ததும் இந்நகரின் பொன்மலையிலேயே. நீலகிரி மலைப் பாதைக்கு இந்நூற்றாண்டிலும் புதிய நீராவிப் பொறிகளைச் செய்து அளித்தது அப்பணிமனை. காட்சிச்சாலையின் வெளியே பழம்பொறியும், சிறுவர் ஏறி மகிழும் சிறு வண்டியும். உள்ளே மணிகள், விளக்குகள், கடிகாரங்கள், பழைய படங்கள், நிலப்படங்கள், சுருக்க அளவில் செய்த மாதிரிகள். எம் தோழர் மாதிரிகளைவிட்டு நகரவில்லை. யாமும் பாட்டனாரும் டோக்கன் கருவிக்கு முன் நின்றுவிட்டோம்.

இக்கருவியைக் காணாதார் பொருட்டு அதன் இயல்பைச் சிறிது விரித்துரைப்போம். ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டியே இருத்தல் வேண்டும். எதிரே வருவதும் கூடாது, பின்னே தொடர்வதும் கூடாது. இதனை நிலைய அதிகாரிகளின் நினைவிற்கு மட்டும் விட்டால், ஒருவரது ஒரு நொடி மறதி பலர் உயிரைக் குடிக்கும். ஆதலின் நினைவை இரும்பிற் செய்து வைத்தனர். விளக்கத்தின் பொருட்டு, அடுத்தடுத்த இரு நிலையங்களைக் கிழக்கு, மேற்கு எனக் கொள்வோம். இரண்டிலும் ஒவ்வொரு கருவி. இரண்டையும் கம்பி இணைக்கின்றது. கருவிகளின் வயிற்றில் உலோகப் பந்துகள் பல உள்ளன. கிழக்கு நிலையத்தார் வண்டி அனுப்ப விரும்பினால், கருவியின் மணியை அடித்து மேற்கு நிலையத்தாரை இசைவு கேட்பார். பாதை வெறுமையாக உள்ளதெனக் கண்டு மேற்கு நிலையத்தார் இசைந்து தம் கைப்பிடியைத் திருப்பினாலன்றிக் கிழக்குக் கருவியினின்று பந்து வெளிவாராது. ஒரு பந்து வெளிவந்ததோ, இரு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அப்பந்து இரண்டில் ஏதேனும் ஒன்றினுள் மீண்டும் விழும்வரை, எவர் வந்து எவ்வளவு முயன்றாலும் மற்றொரு பந்து கிடையாது. அடுத்த பகுதிக்கு உரிய பந்து இக்கருவியுள் நுழையாதபடி அதன் உடலில் வெவ்வேறு வகையான வெட்டுகள் இருக்கும். பந்தைக் கையில் பெறாத ஓட்டுநர் நிலையத்தை விட்டு வண்டியை நகர்த்தார். இவ்வளவே.

பந்தை ஓட்டுநரிடம் சேர்ப்பது எவ்வாறு? தோற்பையில் இட்டு, அதனைப் பிரம்பு வளையம் ஒன்றிற் பூட்டி, நிற்காது செல்லும் வண்டிக்காயின் நடைமேடை ஓரத்தில் ஒருவர் உயர்த்திப் பிடித்து நிற்பார். ஓட்டுநரோ துணைவரோ பொறியினின்று சாய்ந்து, வளையத்துள் கையை நுழைத்து எடுத்துக்கொண்டு, முந்திய பகுதியின் வளையத்தைக் கீழே எறிவார். இரவிலாயின் வளையம் பிடிப்பவர் மறுகையில் தீவட்டியும் பிடித்தல் வேண்டும். எம் பாட்டனாரின் வலக்கை முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. இளமையில் யாம் அதனை நாய்க்கடி என்றே எண்ணியிருந்தோம்.

கருவிக்கு முன் நின்றபோதே அவர் ஓர் இரவைப் பற்றிக் கூறினார். ஐப்பசி மழை. எறியப்பட்ட வளையம் நடைமேடையில் விழாது, இருளில் எங்கோ உருண்டு போயிற்று. வண்டி சென்றுவிட்டது, ஆயினும் அவ்வளையத்துப் பந்தைக் கருவியில் இடாமல் பின்பகுதி திறவாது. அப்பகுதியின் மறுமுனை நிலையத்தில் அடுத்த வண்டி நிறைந்த பயணிகளோடு காத்திருந்தது. வண்டி வந்து சேர்ந்ததைத் தாம் கண்ணாரக் கண்டதாகத் தொலைபேசியிற் சொன்னாலும் பயனில்லை. கருவி சொற்களைக் கேளாது. நாற்பது நிமிடம் நெல்வயலின் சேற்றில் கைவிட்டுத் துழாவி எடுத்தார். "அன்னைக்கு அந்த இரும்ப நான் திட்டாத திட்டு இல்ல. ஊருக்கு வந்து படுத்தப்பதான், சேத்துல கெடந்தது பந்து மட்டும்தானேன்னு தோணுச்சு" என்றார்.

பள்ளிச் சிறுமியர் சிலர் எமக்குப் பின்னே வந்து கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதே கண்டோம். அவருள் ஒருத்தி, "இப்ப அடிச்சா மணி கேக்குமா தாத்தா?" என்றாள். பாட்டனார், "கேக்காதும்மா. அந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தாத்தான் இது பேசும்" என்றார். காட்சிச்சாலைகளில் இக்கருவிகளைத் தனித்தனியே வைத்துள்ளமை பற்றி எமக்கு ஒரு குறை உண்டு. ஒன்றை மட்டும் காண்பவர் அது யாதெனக் கண்டுகொள்ள இயலாது. அறையின் இரு கோடியிலும் ஒவ்வொன்றை வைத்துக் கம்பியால் இணைத்து, சிறுவர் இருவரை மணியடித்துப் பந்து பெறச் செய்தால், பத்துப் பக்கம் எழுதியும் விளங்காதது ஒரு நிமிடத்தில் விளங்கும். பூனா நகரில் ஜோஷி என்பார் 1998இல் நிறுவிய சிறு புகைவண்டிக் காட்சிச்சாலையில் வண்டிகள் மாதிரி நகரொன்றினூடே ஓடிக் காட்டப்பெறுகின்றன. ஓடுவதைக் காண்பதற்கும் நிற்பதைக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர் அவர்.

விடுதிக்கு மீண்டபின் மேசைப் பாதையைத் திருத்தி அமைத்தோம். வட்டத்தின் இரு எதிர்ப்பக்கங்களிலும் ஒவ்வொரு கிளைத் தண்டவாளம் சேர்த்து நிலையங்களாக்கினோம். பாயிண்ட் திறவாதவரை கிளையில் நிற்கும் பொறிக்கு மின்சாரம் எட்டாது. நிலையத்திற்கு ஒருவராக இருவர் அமர்ந்தோம். நடுவே ஒரே ஒரு பச்சைக் கோலி. கோலி கையில் உள்ளவரே பாயிண்டைத் திறந்து வண்டி விடலாம். கோலி வண்டியின் பெட்டியிலேயே ஏறிச் சென்று மறுநிலையத்தை அடையும். அதன்பின் ஒரு மோதலும் நிகழவில்லை. ஒருமுறை கோலி வளைவிற் குதித்து, உணவறை அலமாரியின் அடியில் மறைந்துவிட்டது. எம் தோழர் சட்டைப்பையிலிருந்து வேறொரு கோலியை எடுத்தார். மேசையைச் சூழ்ந்திருந்த அனைவரும் ஒருமிக்க "கூடாது" எனக் கூவினர். விளக்கைக் கொணர்ந்து, நால்வர் அலமாரியை நகர்த்தி, அதே கோலியைத் தேடி எடுக்கும்வரை இரு வண்டிகளும் நின்றன.