கணினியும் காலமறிதலும்

கருவி என்பது கைக்கு ஏவல் செய்வது. மண்வெட்டி கொட்டிலின் மூலையிற் கிடக்கும். உழவன் எடுக்கும்வரை அவனை அழையாது. எழுதுகோலும் அத்தகையதே. கணினியும் அதன் இளவலாகிய கைத்தொலைபேசியும் இவ்வியல்புக்கு விலக்கானவை. அவை எழுதும் மேசையாகவும், அஞ்சற் பெட்டியாகவும், படமாளிகையாகவும், ஊர்க்கதை பேசும் திண்ணையாகவும் ஒரே காலத்தில் விளங்குகின்றன. அதனோடு அமையாது, தம்மை எடுக்குமாறு அடிக்கடி மணியடித்து அழைக்கவுஞ் செய்கின்றன. கட்டுரை எழுத அமர்ந்த மாணாக்கன் ஒருமணி நேரங் கழித்து எழுந்திருக்கும்போது, தாளில் நான்கு வரிகளும் மனத்தில் நாற்பது காட்சிகளும் இருத்தலை இன்று பல இல்லங்களிற் காண்கின்றோம்.

இக்கருவியைத் தள்ளிவிடுதல் எளிதன்று; தக்கதுமன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விழப்பை அறிந்த நம்மவர்க்கு, 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தின் அருமையைக் கூறவேண்டுவதில்லை. ஈழத்து நூல்களும் இதழ்களும் அதன்கண் எவரும் பொருள் கொடாது படிக்கக் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களைக் கணினிவழி உலகெங்கும் பரப்பியது. பெருந்தொற்றினால் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வீடுகளை அடைந்தன. ஆயின் அன்று பாடத்தோடு விளையாட்டும் வேடிக்கையும் அதே கண்ணாடிச் சட்டத்தினுள் நுழைந்தன. பாடசாலைகள் திறந்த பின்பும் அவை வெளியேறவில்லை.

ஆகவே இன்று வேண்டப்படுவது இக்கருவியை ஆளும் திறனேயாம். ஆளுதற்குரிய நெறியைத் திருவள்ளுவனார் அரசியலுள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தனர். பகைமேற் செல்லும் அரசனுக்குக் கூறிய அம்முறை, கணினியின் முன் அமர்வார்க்கும் பொருந்துவதாதலின், அவ்வொழுங்கிலேயே இதனை ஆராய்வாம்.

வலியறிதல்

வினையின் வலி, தன் வலி, மாற்றானின் வலி, துணையின் வலி என நான்கினையும் தூக்கிப் பார்த்தல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. இவற்றுள் மாற்றானின் வலியை முதலில் நோக்குவாம்.

செய்தி பெருகுமிடத்துக் கவனம் வறுமையுறும் என்பதை அமெரிக்க அறிஞர் ஹேபேட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இன்று அக்கவனமே விற்பனைப் பொருளாயிற்று. முகநூல், யூரியூப் முதலியவை நம்மிடம் கட்டணம் பெறாது நடைபெறுவது விளம்பரத்தின் வருவாயாலேயாம். நாம் எவ்வளவு நேரம் பார்க்கின்றோமோ அவ்வளவுக்கு அவர்களுக்கு ஊதியம். ஆதலின் நம்மை எழவிடாமற் செய்யும் உபாயங்கள் நன்கு ஆராய்ந்து அமைக்கப்பட்டுள்ளன. நூலுக்கு இயல் முடிவு உண்டு. அம்முடிவில் மனம் நின்று, மேலும் படிப்பதோ எழுவதோ எனத் தன்னை வினவும். 2006இல் ஏசா ரஸ்கின் என்பார் வகுத்த முடிவிலா உருட்டல் என்னும் அமைப்பிலே அத்தகைய நிறுத்தம் இல்லை. விரல் அசையுந்தோறும் புதியது வந்துகொண்டேயிருக்கும்.

உளவியலறிஞர் பீ. எவ். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் கொண்டு செய்த ஆய்வுகளும் ஈண்டு நினைக்கத்தக்கன. ஒவ்வொரு முறையும் தவறாது இரை பெற்ற உயிரிலும், எப்போது கிடைக்குமென அறியாத நிலையில் இரை பெற்ற உயிரே விடாது முயன்றது. வட்ஸ்அப்பில் ஏதேனும் வந்திருக்குமோ எனப் பன்முறை திறந்து பார்க்கும் நம் பழக்கமும் இவ்வகையினதே.

இனித் தன் வலி. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியை குளோரியா மார்க், கணினிமுன் பணிபுரிவோர் ஒரு திரையில் நிலைத்திருக்கும் நேரத்தை அளந்தார். 2004இல் அது சராசரியாக இரண்டரை நிமிடம். பின்னைய ஆண்டுகளில் ஏறத்தாழ 47 செக்கனாகக் குறைந்தது. ஒரு வினையை முடிக்காது மற்றொன்றிற்குச் செல்வோரின் கவனத்தில் ஒரு பகுதி முன்னைய வினையிலேயே தங்கிவிடும் என்பதை 2009இல் சோஃபி லெரோய் என்னும் ஆய்வாளர் காட்டினார். எனவே அரை நிமிடம் செய்தி பார்த்தவன் இழப்பது அவ்வரை நிமிடம் மாத்திரமன்று. மீண்டு வந்தபின்பும் மனம் முழுமையாகத் திரும்பாத நேரமும் அவ்விழப்பிற் சேரும்.

வினையின் வலியோ பெரிது. உயர்தரப் பரீட்சையில் மாணாக்கன் மூன்றுமணி நேரம் ஓரிடத்தில் இருந்து, கையால் எழுதி, ஒன்றையே சிந்தித்தல் வேண்டும். ஒரு நிமிடமும் ஒன்றில் நில்லாது பழகிய மனம் அன்றொருநாள் மட்டும் மூன்றுமணி நேரம் நிற்குமென எதிர்பார்த்தல், ஒருநாளும் ஓடாதவன் நெடுந்தூர ஓட்டத்தில் வெல்வான் என எதிர்பார்த்தலையே ஒக்கும்.

காலமறிதல்

பாடசாலையில் பாடவேளைக்கு மணியுண்டு, இடைவேளைக்கும் மணியுண்டு. அதனாற் படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. வீட்டிற் குறைவது இம்மணியே. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிறில்லோ என்னும் இத்தாலிய மாணவர், தக்காளி வடிவான சமையலறைக் கடிகாரத்தைக் கொண்டு தமக்கு ஒரு மணியமைத்தார். 25 நிமிடம் ஒரே வினை; பின்பு 5 நிமிடம் ஓய்வு; இங்ஙனம் நான்கு முறை முடிந்ததும் நீண்ட ஓய்வு. இதுவே தக்காளியின் இத்தாலியப் பெயரால் ‘பொமொடோரோ’ என வழங்கும் முறை. தொடக்கத்தில் இது போதும். பழகியபின் வேளையை 40, 50 நிமிடமாக நீட்டலாம். ஓய்வு நிமிடங்களிற் கைத்தொலைபேசியைத் திறவாது, எழுந்து நடத்தலும் தண்ணீர் அருந்துதலும் நன்று.

செய்திகளைப் பார்த்தற்கு நாளில் இரண்டு அல்லது மூன்று வேளைகளை வரையறுத்தல் வேண்டும். விடியலின் முதல் மணிநேரம் அவற்றுள் ஒன்றாதல் ஆகாது. பொழுதுபோக்கும் குற்றமன்று, அதற்கும் ஒரு வேளை குறித்தாற் குற்றவுணர்வின்றி மகிழலாம்.

கணினிமுன் எத்தனை மணிநேரம் இருந்தான் எனப் பெற்றோர் கணக்கிடுகின்றனர். அக்கணக்குப் போதாது. கட்டுரை தட்டெழுதிய மணியும் வேடிக்கை பார்த்த மணியும் அதில் ஒன்றாகவே எண்ணப்படும். எதற்காகத் திறந்தேன், எப்பொழுது மூடினேன், எது முடிந்தது என்னும் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் ஒரு வாரம் எழுதிவரின், அவ்வேடே ஆசிரியனாகி உண்மையை உரைக்கும்.

இடனறிதல்

மனவுறுதியை மட்டும் நம்புதல் பேதைமை. பலகாரத் தட்டை எதிரே வைத்துக்கொண்டு விரதங் காத்தல் அரிது. படிக்கும் வேளையிற் கைத்தொலைபேசி மற்றோர் அறையில் இருத்தல் வேண்டும். கணினி படுக்கையறையினும் பலர் புழங்கும் கூடத்தில் இருத்தல் சிறந்தது. அறிவிப்பொலிகளை நிறுத்திவிடலாம். ஒரே கணினியிற் படிப்புக்கு ஒரு பயனர் கணக்கும் பொழுதுபோக்குக்கு வேறொன்றும் அமைத்து, முன்னையதிற் படிப்புக்குரியவற்றை மாத்திரம் வைக்கலாம். வேண்டிய நூலைத் தரவிறக்கியபின் இணையத்தைத் துண்டித்துவிட்டுப் படிக்கலாம். எழுதும்போது ‘இதனைத் தேடிப் பார்ப்போம்’ என எழும் எண்ணங்களை அருகிலுள்ள தாளிற் குறித்துக்கொண்டு, வேலை முடிந்தபின் ஒருங்கே தேடுதல் நலம். அவ்வாறு குறித்தவற்றுட் பல பின்னர்த் தேடவேண்டாதனவாய்ப் போதலையும் காணலாம்.

துணைவலி

எஞ்சியது துணையின் வலி. அது நம்மைப் போன்ற மூத்தோரைச் சார்ந்தது. உணவருந்தும்போதும் திரையை நோக்கும் தந்தையின் அறிவுரை மகனின் செவியில் ஏறாது. பிள்ளையின் படிப்புவேளையில் வீட்டார் அனைவரும் தத்தம் கருவிகளை ஒரு பெட்டியில் இட்டுவிடுதல், பத்து அறிவுரைகளினும் வலியது.

பழைய மாணவர் பலர் உள்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருந்து தாம் கற்ற கல்லூரிகளுக்குக் கணினிகளை உவந்து அளிக்கின்றனர். அது போற்றற்குரிய கொடை. அவர்களிற் பலர் நாள்தோறும் கணினிமுன் உழைத்தே வாழ்பவர்கள். அதன் பயனையும் மயக்கத்தையும் நேரில் அறிந்தவர்கள். கருவியை அளிப்பதோடு, அதனை ஆளக் கற்ற தம் அநுபவத்தையும் ஆண்டுக்கொருமுறையேனும் மாணாக்கருக்கு எடுத்துரைப்பார்களாயின், கொடை இருமடங்காகும்.

ஒரு நூலைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒருமித்த மனத்தோடு படித்து முடிக்கும் ஆற்றல், நமது ஆசிரியர்கள் நமக்கு அளித்த செல்வம். அதனைப் பெற்ற நாம் அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றிக் கையளித்தல் வேண்டும். விழாக் காணும் நம் கல்லூரித் தாய்க்கு நாம் செலுத்தும் கடன்களுள் இதுவும் ஒன்றாகுக.