ஒளிவிடும் உலோகச் சேர்மங்கள்

குமுளியைச் சூழ்ந்த ஏலத் தோட்டங்களில் அழுகல் நோயைத் தடுக்கப் பருவமழைக்கு முன்னர் போர்டோக் கலவை தெளிப்பது வழக்கம். 100 லிட்டர் நீருக்கு 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் சேர்ந்ததே அக்கலவை. துத்தத்திலுள்ள செம்பு நோய்க்கிருமியைக் கொல்லும். ஓடையில் மிகுதியாகக் கலப்பின் மீனையும் கொல்லும். செடிக்கும் மனிதனுக்கும் செம்பு அணுவளவில் இன்றியமையாதது; அளவு மீறினால் நஞ்சு. வில்சன் நோயுற்றவரின் ஈரலில் அது தேங்கிவிடுகிறது. திசுவைச் சாம்பலாக்கிச் சோதித்தால் செம்பின் மொத்த அளவு தெரியவரும். ஆனால், உயிரோடிருந்தபோது அது உயிரணுவின் எப்பகுதியில் இருந்தது என்பதைச் சாம்பல் சொல்லாது.

இக்குறையைப் போக்க விஞ்ஞானிகள் ஒளிவிடும் அணைவுச் சேர்மங்களைக் கையாளுகின்றனர். நடுவே ஓர் உலோக அணு, அதனைப் பற்றிய கரிமக் கூடு: இதுவே இவற்றின் அமைப்பு. இயற்கையே ஆக்கிய இத்தகைய சேர்மம் பச்சையம். அதன் நடுவிலிருப்பது மெக்னீஷியம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஏல இலையை நசுக்கிச் சுத்தமான ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுக. இருட்டறையில் டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பக்கவாட்டில் நோக்கினால் பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டால் மெக்னீஷியம் நீங்கிச் சாறு பழுப்பேறும், சிவப்பொளி நீடிக்கும். பின்னர்ச் சிறிது மயில்துத்தமிட்டு வெந்நீரில் குழாயை வைத்துச் சூடேற்றினால் பச்சை நிறம் மீளும், ஒளியோ அவிந்துவிடும். காலியான இடத்தில் செம்பு அமர்ந்ததே காரணம். (ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுமாதலால் அருகில் சுடர் கூடாது.)

எனினும், ஒளி மங்குவது ஒன்றையே சான்றாகக் கொள்ளுதல் தவறு. மங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனவே நாடும் பொருள் சேர்ந்ததும் புதிதாக ஒளிரத் தொடங்கும் சேர்மங்களே மேலானவை.

மற்றோர் இடையூறு, உயிரணுக்களும் தாமே மங்கலாக ஒளிர்வது. அவ்வொளி வினாடியின் நூறு கோடியில் சில பங்கே நிலைக்கும். யூரோப்பியச் சேர்மங்களின் செவ்வொளியோ வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நீடிக்க வல்லது. விளக்கை ஒரு கணம் மின்னவைத்து, உயிரணுவின் ஒளி மறையுமளவு பொறுத்துப் பின் அளந்தால் யூரோப்பியத்தின் ஒளி மட்டும் எஞ்சும். பொறுமையே இங்கு கருவியாகிறது.

ருதீனியச் சேர்மங்களின் ஒளியைப் பிராணவாயு தணிக்கும். நீரில் கரைந்த பிராணவாயுவை அளக்கும் ஒளிமுறைக் கருவிகள் சிலவற்றின் முனையில் இத்தகைய சேர்மம் கலந்த படலம் உள்ளது. ஏரியிலும் மீன்குளத்திலும் அளவெடுக்கும் ஊழியர்கள், படலத்தில் பாசி படிந்திருப்பின் மெல்லத் துடைத்த பின்னரே கருவியை நீரில் இறக்க வேண்டும்.