உப்புக்காற்றும் கணினித்திரையும்

ஈழத்தின் மேல்கரையிலே, சிலாபத்துக்கு வடக்கே, உடப்பு, புத்தளம், கற்பிட்டி முதலிய ஊர்கள் அமைந்த நெய்தல் நிலம் உப்புக்கும் காற்றுக்கும் பேர்பெற்றது. கற்பிட்டிக் குடாநாடு ஒருபுறம் கடலாலும் மறுபுறம் புத்தளக் களப்பாலும் சூழப்பெற்ற மணற்பரப்பாகும். மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபன் பதூதாவின் மரக்கலத்தைக் கி.பி. 1344இல் இத்தீவுக்கு உய்த்தது காற்று. இன்று மாம்புரியிலே காற்றாலைகளைச் சுழற்றுவதும் காற்று. அக்காற்றே பாடசாலைகளிலும் இல்லங்களிலும் உள்ள கணினித்திரைகளின்மீது உப்பையும் நுண்மணலையும் கொணர்ந்து படிவிக்கின்றது. ஆதலின், திரையைத் துப்புரவாக்கும் முறை இக்கரையிலே தனிக்கவனம் வேண்டி நிற்பது. அதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும்.

படிவின் இயல்பு

அலைகள் உடையுங்கால் எழும் நுண்துளிகளைக் காற்று ஏந்திச் செல்கின்றது. துளியின் நீர் ஆவியாக, உப்பு எஞ்சுகின்றது. கடலுப்பிலே பெரும்பகுதி சோடியங் குளோரைட்டு. மகனீசியங் குளோரைட்டும் சிறிதளவு உண்டு. சாரீரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75ஐ எய்தும்போது முன்னது வளியின் நீரை ஈர்த்துக் கரைசலாகும். பின்னதற்கோ 33 அளவே போதும். பாலாவி போன்ற உப்பளப் பகுதிகளில் வாழ்வோர்க்கு இஃது புதுமையன்று. அள்ளிய உப்பைக் குவித்து வைத்தால், கசப்புடைய மகனீசிய உப்புக்கள் வளியின் ஈரத்தாற் கசிந்து வடிந்துவிடும்.

உப்பளத்திலே நன்மை தரும் இவ்வியல்பு திரையிலே தீமையாகின்றது. படிந்த உப்பு முற்றாக உலராது பசைபோல் நின்று, மணலைப் பற்றிக்கொள்கின்றது. மணலின் பெரும்பகுதியான படிகக்கல், மோவின் வன்மை அளவையில் 7 ஆகும். சாதாரண கண்ணாடியோ ஏறத்தாழ 5.5. எனவே, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பவர், தாமறியாமலே திரையை மணற்றாள் கொண்டு தேய்ப்பவராகின்றார்.

திரையின் இயல்பு

பழைய கணினிகளின் திரை தடித்த கண்ணாடியாலானது. இக்காலத்துத் திரைகள் பல திரவப்பளிங்கினால் இயங்குவன. 1888இல் பிரெடெரிக் ரைனிற்சர் என்னும் ஒசுத்திரியத் தாவரவியலாளர் முதன்முதல் ஆராய்ந்து வெளிப்படுத்திய இயல்பே இவற்றுக்கு அடிப்படையாம். இவற்றுட் பலவற்றின் வெளிப்புறத்தே அமைந்தது, ஒளியை முனைவாக்கும் மெல்லிய பிளாத்திக்குத் தகடு. அதன்மேல் கூச்சத்தைத் தணிக்கும் நுண்பூச்சும் உண்டு. மணல் இவற்றைக் கீறும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் நீர்மமும் அசற்றோனும் இவற்றைக் கெடுக்கும். விளக்குச் சிமினியைப் பத்திரிகைத் தாளாலும் வேட்டித் தலைப்பாலும் துடைத்த வழக்கம் திரைக்குப் பொருந்தாமை இதனாற் பெறப்படும்.

துப்புரவாக்கும் முறை

முதலாவதாக, கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, சூடு தணியும்வரை பொறுத்தல் வேண்டும். இருண்ட திரையிலே அழுக்கும் தெளிவாகத் தோன்றும்.

இரண்டாவதாக, மிக மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக மணலை அகற்றுக. வாயால் ஊதுதல் எச்சிற்றுளியைச் சேர்க்குமாதலின் தகாது. உப்பு நீரிற் கரையும், மணல் கரையாது. ஆகவே, மணலை நீக்கிய பின்னரே ஈரத்துணி திரையைத் தொடவேண்டும். இவ்வொழுங்கை மாற்றுவோர் கீறலை விளைவிப்பர்.

மூன்றாவதாக, நுண்ணிழைத் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நன்கு பிழிந்து, அழுத்தாமல் ஒரே திசையிலே துடைக்குக. 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் கறியுப்பைக் கரைக்க வல்லது. எனவே சிறு ஈரமே போதும். துணியின் பக்கத்தை மாற்றி மீண்டும் ஒருமுறை துடைத்தால், கரைந்த உப்பு திரையிலே மீளப் படியாது. நீரைத் திரைமீது நேரே தெளித்தல் ஆகாது. அது கீழ்விளிம்பின் வழியே உட்புகுந்தால், உப்போடு கலந்து மின்னைக் கடத்தும். உலோகப் பகுதிகளையும் அரிக்கும்.

கிணற்றுநீர் வன்மையுடையதாயின் உலர்ந்தபின் வெண்புள்ளிகளை விடும். மின்கலத்துக்கு ஊற்றும் தூயநீரைக் கடையிற் பெறலாம். ஆயின் மின்கல அமிலமும் அவ்வாறே போத்தலில் விற்கப்படுவதால், சுட்டியை வாசித்தல் இன்றியமையாதது. அவ்வமிலம் தோலையும் கண்ணையும் எரிக்கும்.

விரல்களின் எண்ணெய்க்கறை நீரினால் நீங்காவிடின், ஆக்கியோரின் கைந்நூல் இடந்தருமாயின் மாத்திரம், நூற்றுக்கு 70 வலிமையுள்ள ஐசோபுரொப்பைல் அற்ககோலைத் துணியிற் சிறிது தோய்த்துப் பயன்படுத்தலாம். ஈற்றில் உலர்துணியால் மெல்ல ஒற்றி, முற்றாக உலர்ந்த பின்னரே மின்னிணைப்பைக் கொடுக்க வேண்டும்.

காத்தலே சிறப்பு

நாடோறும் துடைத்தல் நன்றெனச் சிலர் கருதுவர். ஒவ்வொரு துடைப்பும் ஒரு கீறலுக்கு வாயிலாகக் கூடுமாதலின், அழுக்குச் சேராது தடுத்தலே அறிவுடைமை. கடலை நோக்கிய சாளரத்தருகே கணினியை வைத்தலாகாது. மே முதல் செத்தெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றின்போது, வேலை முடிந்து சூடு தணிந்த பின், நெருக்கமாக நெய்த துணியால் மூடிவைத்தல் நலம். துடைக்கும் துணியையும் நன்னீரிற் கழுவி, மூடிய பெட்டியுள் வைத்தல் வேண்டும். வெளியே தொங்கும் துணி காற்றின் உப்பையும் மணலையும் தானே ஏற்றுக்கொள்ளும்.

பல மாணவர் ஒரு கணினியைச் சுற்றியிருந்து கற்கும் வகுப்பிலே, திரையில் விழுந்த கீறல் அத்தனை மாணவரின் கண்ணையும் உறுத்தும். அதனை எத்துணியாலும் துடைத்து நீக்கல் இயலாது. உப்பைப் போக்க நீர் உண்டு. கீறலைப் போக்க யாதும் இல்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் துணியை எடுக்குமுன் தூரிகையை எடுப்பர்.