செங்கோணத்தில் திரும்பும் ஆறு

ஆறு வளைந்து நெளிந்து ஓடும் என்றுதான் வகுப்பில் சொல்கிறோம். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் உள்ள கேத்தரின் ஆறு அப்படி ஓடுவதில்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோலச் சிறிது தூரம் நேராகப் போகிறது. பிறகு சட்டென்று செங்கோணத்தில் திரும்புகிறது.

டார்வின் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் கேத்தரின் என்ற சிற்றூர் இருக்கிறது. அதற்கு அருகில்தான் நிட்மிலுக் தேசியப் பூங்கா. ஆறு மணற்கல் பாறையை அறுத்து உருவாக்கிய 13 மலையிடுக்குகள் அங்கே வரிசையாக உள்ளன. முதல் இரண்டையும் வழிகாட்டியுடன் படகில் சென்று பார்த்தேன். அந்த வழிகாட்டி, அம்மண்ணின் தொல்குடிகளான ஜாவோய்ன் மக்களில் ஒருவர்.

திருப்பத்தில் படகை நிறுத்தி, "ஆறு ஏன் இங்கே திரும்பியது?" என்று கேட்டார். எதிரே கடினமான பாறை இருந்திருக்கும் என்றார்கள் சிலர். அவர் பதில் சொல்லவில்லை. பாறைச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொன்னார். செங்குத்தாகப் பிளவுகள் தெரிந்தன. பக்கத்துச் சுவரிலும் பிளவுகள். ஆனால் அவை வேறு திசையில் சென்றன. அதன் பிறகே விளக்கினார். 160 கோடி ஆண்டுகளுக்கும் பழமையான அந்தப் பாறை, ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் கோடுகளில் பிளந்திருக்கிறது. தண்ணீர் அந்தப் பிளவுகளில் புகுந்து அவற்றை அகலமாக்கியது. ஆற்றின் பாதையைப் பாதி தீர்மானித்தது பாறைதான்.

நாம் பெரும்பாலும் வரையறையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் படத்தைக் காட்டுகிறோம். அங்கே பெயர் கடைசியில்தான் வந்தது. இதை வகுப்பில் செய்து பார்க்க இரண்டு தட்டுகள் போதும். ஒன்றில் களிமண்ணைக் காயவைத்து வெடிக்க விடுங்கள். மற்றொன்றில் ஈர மணலைப் பரப்புங்கள். இரண்டையும் சற்றுச் சாய்த்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, எதில் எப்படி ஓடுகிறது என்று மாணவர்களையே வரையச் சொல்லலாம்.

ஓர் இடுக்கு முடிந்ததும் பாறைத் தடுப்பு வரும். இறங்கி நடந்து, அடுத்த படகில் ஏற வேண்டும். கோடையில் அல்ல, மே முதல் செப்டம்பர் வரையான அவர்களுடைய குளிர்காலத்தில்தான் ஆறு இப்படித் துண்டு துண்டாக நிற்கிறது. மணல் திட்டுகளில் நன்னீர் முதலைகள் முட்டையிடுவதால் அங்கே கால் வைக்க அனுமதி இல்லை. மழைக்காலத்தில் பாறைத் தடுப்புகள் மூழ்கிவிடும். உவர்நீர் முதலைகளும் வெள்ளத்தோடு மேலேறி வந்துவிடும். வெள்ளம் வடிந்தபின் பொறிவைத்து அவற்றை அகற்றிய பிறகே சிறு படகுகளை விடுகிறார்கள். 1989இல் இந்நிலம் ஜாவோய்ன் மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதைக் குத்தகைக்கு விட, பூங்கா தொடர்ந்து நடக்கிறது. 'நிட்மிலுக்' என்பது அவர்கள் மொழியில் சில்வண்டின் இடத்தைக் குறிக்கும் பெயர்.

இதே ஆறு 1998 ஜனவரியில் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து கேத்தரின் ஊருக்குள் புகுந்தது. மழைக்காலத்தில் சுற்றுவட்டாரச் சாலைகள் வாரக்கணக்கில் துண்டிக்கப்படுவதும் அங்கே வழக்கம். அப்படியானால் தொலைதூரக் கால்நடைப் பண்ணைகளில் வாழும் குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள்? சாலையை நம்பாத பள்ளி ஒன்று அந்த ஊரில் 1966 முதல் இயங்குகிறது. அதன் பெயர் வான்வழிப் பள்ளி. இம்முறையின் முதல் பள்ளி 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலி வழியாகத் தொடங்கியது.

கேத்தரின் பள்ளியின் எல்லை ஏறத்தாழ 8 லட்சம் சதுர கி.மீ. அதாவது, ஆறு தமிழ்நாடு. அன்று இரைச்சலுக்கிடையே குரல் மட்டும் கேட்டது; இன்று செயற்கைக்கோள் இணையத்தில் முகமும் தெரிகிறது. ஆனால் பாடத்தின் பெரும்பகுதி திரையில் நடப்பதில்லை. வீட்டில் அம்மாவோ, அமர்த்தப்பட்ட பயிற்றுநரோ அருகில் அமர்ந்து நடத்துகிறார். அவருக்கு வழிகாட்டுவதும் ஆசிரியரின் வேலைதான். என்னை அதிகம் கவர்ந்தது தொழில்நுட்பம் அல்ல. அந்த ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து மாணவரின் வீட்டுக்கே போய், அவர் படிக்கும் மேசையில் உடன் அமர்ந்து பாடம் நடத்திவிட்டு வருகிறார்கள்.