படவில்லைக் காட்சி: பயனும் பழுதும்

அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வந்து சேரும் பொருள்களுள் இப்போது புரொஜெக்டர் என்னும் கருவியும் ஒன்றாகிவிட்டது. செம்மேட்டில் பயிற்சி வகுப்பென்றாலும், சங்க அலுவலகத்தில் ஊழியர் கூட்டமென்றாலும், சுவரில் வெள்ளைத் துணி கட்டப்படுகிறது, சன்னல்கள் சாத்தப்படுகின்றன, ஒன்றன்பின் ஒன்றாகப் படவில்லைகள் தோன்றி மறைகின்றன. இம்முறையினால் நமது அங்கத்தினர்களுக்கு விளையும் நன்மை எவ்வளவு, கேடு எவ்வளவு என்பதைச் சற்றே ஆராய விரும்புகிறோம்.

முறை புதியதன்று. கண்ணாடியில் தீட்டிய படத்தை விளக்கொளியால் திரையில் வீழ்த்தும் மாய விளக்கை நம் பாட்டனார் காலத்தவரும் கண்டிருக்கின்றனர். பின்னர்ப் புகைப்படச் சுருளிலிருந்து வெட்டிய வில்லைகள் வந்தன. அவற்றைக் காட்டும் கருவி செய்வதைக் கோடக் கம்பெனியார் 2004-இல் நிறுத்திவிட்டனர். இன்று எங்கும் வழங்குவது பவர்பாயிண்ட் என்னும் கணினிச் செயலி. இராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்னும் இருவர் அமெரிக்காவில் ஆக்கிய இது 1987-இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட் கம்பெனி 1 கோடியே 40 இலட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது.

இதன் பயனை மரவள்ளி பயிரிடும் நமக்குப் புதிதாக யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2020-இல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே சேலம், நாமக்கல் பகுதிகளிலும் பரவிப் பெருஞ் சேதம் விளைவித்தது. நுனியிலைகள் சுருண்டு கொத்துக் கொத்தாகக் குறுகிவிடும், தண்டு கோணும், கிழங்கு சிறுக்கும். இதை அழிக்க ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியினத்தைத் தருவித்து, 2022 மார்ச்சு மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டனர். குளவி என்றவுடன் கூரையில் கூடு கட்டும் குளவியை நினைத்துவிடலாகாது. இது கொசுவினும் சிறியது, கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வளரும். பூச்சியோ பழுப்பேறி உலர்ந்த கூடாகிவிடும்.

இத்துணைச் சிறிய உயிரை நாற்பது பேருக்கு ஒரே சமயத்தில் எங்ஙனம் காட்டுவது? கையிலுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியை வரிசையாகக் கொடுத்தனுப்பினால், கடைசி ஆள் பார்ப்பதற்குள் பூச்சி பறந்துவிடும். படவில்லையிலோ பகை எது, நட்பு எது என்று அருகருகே வைத்துக் காட்டிவிடலாம். காட்டாவிட்டால் நேர்வது என்ன? குளவியையும் பீடையென்று கருதி மருந்தடிப்போம். காசும் போகும், காவலும் போகும். இவ்வொரு பயனுக்காகவே புரொஜெக்டரைச் சங்கத்திற்கு வாங்கலாம் என்பது எமது துணிபு.

ஆனால் படம் அளவு காட்டாது. சுவரில் ஆளுயரம் நிற்கும் பூச்சியைக் கண்டவர், மறுநாள் தோட்டத்தில் அதைத் தேடினால் காணமாட்டார். ‘நம் கொல்லையில் இல்லை’ என்று திரும்பிவிடுவார். பூச்சியின் அருகே ஓர் ஒற்றை ரூபாய் நாணயத்தையோ கேழ்வரகு மணியையோ வைத்துப் படமெடுத்தால் இப்பிழை நேராது. பீடித்த கிளை ஒன்றையும் ஒடித்து வந்து மேசைமேல் வைக்கலாம். நெசவாளருக்கு இதனினும் பெரிய இடர் நிறத்தில் உள்ளது. திரையில் அரக்கு நிறமாகத் தோன்றுவது ஒளியின் நிறமேயன்றிச் சாயத்தின் நிறமன்று; கருவிக்குக் கருவி அது மாறும். இளம்பிள்ளையிலோ இராசிபுரத்திலோ திரையை நம்பி எவரும் பாவுக்குச் சாயம் தோய்த்தால், சேலை திரும்பி வரும்போதுதான் கணக்குத் தெரியும். சாயமேற்றிய நூல் மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் கையில் பிடித்துப் பார்ப்பதே முறை.

எழுத்து வில்லைகளிலுள்ள கேடு வேறு வகையினது. படத்தில் மறைப்பது அரிது, எழுத்திலோ எளிது. ஒரு வில்லையில் ஐந்தாறு துண்டு வரிகளே அடங்கும். காரணமும் காரியமும் இணைந்த முழு வாக்கியம் அங்கே இடம் பெறுவதில்லை; தலைப்பு பெரிதாகவும், முக்கியமான நிபந்தனை அடியில் பொடி எழுத்திலும் அமைந்துவிடுகிறது. இது அற்பக் குறையன்று. 2003 சனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடச்சிறகில் மோதிற்று. அதனால் ஆபத்துண்டா என்று கணித்த பொறியாளர்கள் தம் முடிவுகளை வில்லைகளில் காட்டினர். ஒரு வில்லையின் தலைப்பு ஆறுதல் தருவது போலிருந்தது. அதன் அடிவரியிலோ, சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், கருதவேண்டிய நுரையின் அளவு 1,920 கன அங்குலம் என்றிருந்தது. அஃதாவது 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று கலம் சிதறி, கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். விபத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் விசாரணைக் குழுவினர், இத்தகைய வில்லையைப் படிக்கும் மேலதிகாரி உயிராபத்தை உணராமற் போவது எளிது என்று அறிக்கையில் சுட்டினர்.

சங்கப் பேரவையில் உயிர் போகாது; ஆனால் பணம் போகும். ‘வியாபாரம் வளர்ச்சி’ என்று தலைப்பிட்டுக் கடைசி வரியில் ‘தவணை கடந்த பாக்கி’ என்றொரு தொகையைப் போட்டு, அரை நிமிடத்தில் அடுத்த வில்லைக்குத் தாவிவிட்டால், அங்கத்தினர் எதைக் கண்டு கேள்வி கேட்பார்? கைதூக்கித் தீர்மானம் நிறைவேறிவிடும். முன்பு காரியதரிசி மூச்சுவிடாமல் கணக்கை வாசித்ததும் ஏறக்குறைய இதே பலனைத் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அமேசான் கம்பெனியின் தலைவர் 2004-இல் மேலதிகாரிகளின் கூட்டங்களில் இவ்வில்லைகளைத் தடை செய்து, முழு வாக்கியங்களில் குறிப்பெழுதி வருமாறு பணித்தார். கூட்டத் தொடக்கத்தில் யாவரும் அதை மௌனமாகப் படிப்பர். படிக்கத் தெரியாத அங்கத்தினரும் உள்ள நம் சங்கங்களுக்கு அதை அப்படியே எடுத்தாள இயலாது. ஆயினும் வரவு செலவுக் கணக்கை அச்சிட்டு முன்கூட்டியே ஒவ்வொரு வீட்டிற்கும் கொடுத்துவிட்டால், பள்ளி செல்லும் பிள்ளை வாசித்துக் காட்டும். கூட்டத்தில் ஒரு வில்லைக்கு ஒரு தொகை வீதம் காட்டி, கேள்வி முடிந்தபின் அடுத்ததற்குப் போகலாம்.

எவர் காட்டுகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. 2006-இல் பெங்களூரில் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ என்னும் முயற்சியில், கருநாடகக் கிராமங்களின் உழவரையே நடிக்கவும் பேசவும் வைத்துப் படமெடுத்து, அண்டை ஊரார்க்குக் காட்டினர். செலவிட்ட பணத்திற்குக் கணக்கிட்டால், பழைய பயிற்சி முறையைவிட இது சுமார் பத்து மடங்கு பலன் தந்ததாக 2009-இல் அம்முயற்சியினர் எழுதினர். அது நகரும் படம்; நமது வில்லைகள் நகராதவை. ஆனால் அங்கே படத்தை வெறுமனே ஓடவிடவில்லை; உள்ளூர்க்காரர் ஒருவர் அருகில் நின்று இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டார், பதிலும் வாங்கினார். நிறுத்துவதற்குச் செலவொன்றுமில்லை. நம் பயிற்சிகளில் அதைச் செய்பவர் சிலரே.

ஆங்கில எழுத்து வில்லைகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை; அவை காட்டுபவருக்கே பயன்படுவன. மழைக்காலத்தில் மலைமேல் மின்சாரம் நின்றுபோவதும் உண்டு. ஆதலால் பயிற்சியாளர்கள் வரும்போது, காட்டவிருக்கும் படங்களுள் இன்றியமையாத நான்கைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுருட்டி எடுத்து வருமாறு சங்க நிர்வாகிகள் முன்னதாகவே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். வகுப்பு முடிந்தபின் அத்தாள்களைக் களஞ்சியச் சுவரில் ஒட்டிவைத்தால், மூட்டை இறக்க வருபவர்கள் நின்று பார்த்துக்கொள்வர்.