காலையில் எது, இரவில் எது?

முகத்துக்கு ஒரு சீரம் வாங்கலாம் என்று கிளம்புகிறவர் மூன்றோடு வீடு திரும்புவது இன்று சாதாரணம். வைட்டமின் சி, நியாசினமைடு, ரெட்டினால், கிளைகோலிக் அமிலம் என்று குப்பிகள் சேர்ந்த பிறகுதான் சந்தேகம் எழும். எதை எதோடு போடலாம், எதைச் சேர்க்கவே கூடாது? ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். அந்தப் பட்டியல்களில் பாதிக்கு மேல் தேவையில்லாத பயம். உண்மையில் பயப்பட வேண்டிய விஷயமோ அவற்றில் இருப்பதே இல்லை.

குப்பிக்குள் இருக்கும் ரசாயனங்கள் ஒன்றோடொன்று மோதுவது அபூர்வம். எல்லாவற்றையும் ஒரே முகம் தாங்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் சிக்கல். தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. செங்கல்லும் சாந்தும்போல, காய்ந்த செல்களும் அவற்றுக்கு இடையே கொழுப்பும் சேர்ந்த சுவர் அது. அமிலமும் ரெட்டினாலும் தினமும் இரண்டு வேளை அதன்மேல் விழுந்தால் சாந்து கரையும். முதலில் முகம் இழுத்துப் பிடிக்கும். அப்புறம் வெறும் தண்ணீர் பட்டாலே எரியும். பிறகு உரியும்.

நம் போன்ற மாநிற, கறுப்பு நிறத் தோலில் கதை அத்தோடு முடியாது. வெளுத்த தோலில் எரிச்சல் பெரும்பாலும் சிவந்து அடங்கிவிடும். நம் தோலில் நிறமி செல்கள் அந்த எரிச்சலைக் கண்டு மெலனினைக் கூடுதலாகச் சுரக்கும். சிவப்பு போன இடத்தில் கறுப்பு தங்கும், மாதக்கணக்கில். பருத் தழும்பைப் போக்கக் கிளம்பியவர் கன்னம் முழுக்கக் கருமையோடு தோல் மருத்துவரிடம் போய் நிற்பது இப்படித்தான். அதனால் எதைச் சேர்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: என் முகம் எரிகிறதா?

உண்மையாகவே மோதும் ஜோடி ஒன்று உண்டு. பருவுக்கு மருத்துவர் எழுதித் தரும் ட்ரெட்டினாயினும், பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடும். 1998-ல் வெளியான ஆய்வக முடிவின்படி, இரண்டையும் கலந்து வெளிச்சத்தில் வைத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ட்ரெட்டினாயின் பாதிக்கு மேல் சிதைந்துவிடுகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. அதே சோதனையில், ட்ரெட்டினாயின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தான அடாபலீன் அசையவே இல்லை. அடாபலீனையும் பென்சாயில் பெராக்சைடையும் ஒரே ட்யூபில் அடைத்து விற்க முடிவது அதனால்தான். ட்ரெட்டினாயினை நுண்ணிய சிலிக்கா உறைக்குள் வைத்து பெராக்சைடோடு சேர்த்த க்ரீமுக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. சாதாரண ட்யூப்கள் இரண்டு கையில் இருந்தால் பெராக்சைடு காலையில், ட்ரெட்டினாயின் இரவில். பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும் என்பதால் வெள்ளைத் துண்டையே முகம் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் சி-யும் நியாசினமைடும் சேரக்கூடாது என்பது பழைய வதந்தி. தூய பொருள்களைக் கலந்து ஆய்வகத்தில் சூடுபடுத்திப் பார்த்த பழங்காலச் சோதனைகளிலிருந்து கிளம்பியது அது. முகத்தில் அந்தச் சூடும் இல்லை, அவ்வளவு நேரமும் இல்லை. இரண்டையும் ஒரே காலையில் போடலாம். எண்ணெய் வழியும் முகத்துக்கும் பரு விட்டுச்சென்ற கருமைக்கும் நியாசினமைடு நல்லது, சுவரின் சாந்தையும் பலப்படுத்தும். இந்தக் குப்பிகளில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அதைத்தான். நான்கு, ஐந்து சதவீதமே போதும். பத்துக்கு மேல் போனால் சிலருக்கு எரியும்.

வைட்டமின் சி காலைக்கு உரியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழு 2001-ல் காட்டியது இது: வைட்டமின் சி-யின் தூய வடிவமான அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க அதன் பி.எச். 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். இருபது சதவீதத்துக்கு மேல் ஏற்றினாலும் கூடுதலாக இறங்காது. அதே குழு 2005-ல், வைட்டமின் சி, இ இரண்டோடும் ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்தால் வெயில் பாதிப்பிலிருந்து கிடைக்கும் காப்பு இரட்டிப்பாவதைக் காட்டியது. ஒன்றையொன்று உண்மையிலேயே தூக்கிவிடும் சேர்க்கை என்றால் இதுதான். ஆனால் இந்தச் சீரம் காற்றுக்கும் சூட்டுக்கும் தாங்காது. நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தது டீ நிறத்துக்குப் போனால் அதன் வேலை முடிந்தது. சென்னை, மதுரை கோடையில் குளியலறை அலமாரியில் வைத்தால் சீக்கிரமே அந்த நிறத்துக்கு வந்துவிடும். மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இரவு ரெட்டினாய்டுகளுக்கு. கடையில் கிடைக்கும் ரெட்டினால், மருத்துவர் தரும் அடாபலீன், ட்ரெட்டினாயின் எல்லாம் ஒரே குடும்பம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் உருவாக்கிய ட்ரெட்டினாயின், 1971-ல் பருவுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பருவுக்காகப் பூசிய பெண்களின் சுருக்கங்கள் குறைந்ததைப் பார்த்த பிறகே அது முதுமைத் தோலுக்கும் வந்தது. ஃபிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் கிளிக்மன் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளும் இந்த மருந்தின் வரலாற்றில் உண்டு. அதற்காக அந்த நகர நிர்வாகம் 2022-ல் மன்னிப்புக் கேட்டது. இன்று நம் முகத்துக்குக் கிடைக்கும் பலனுக்கு யாரோ தங்கள் முதுகைக் கொடுத்திருக்கிறார்கள், அதை மறக்கக்கூடாது.

பூசும் விதத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கும், எரிச்சலும் கூடும். மூக்கின் ஓரங்கள், உதட்டு முனைகள், கண்ணோரம் ஆகிய இடங்களில் முதலில் கொஞ்சம் வாஸலின் தடவிவிடுங்கள், முதலில் உரிவது அங்கேதான். பிறகு முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. நெற்றியில், இரு கன்னத்தில், தாடையில் புள்ளி வைத்துப் பரப்ப வேண்டும். பருவின் தலைமேல் மட்டும் வைப்பதால் பயனில்லை. வறண்ட முகமென்றால் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர். வாரத்தில் இரண்டு இரவில் தொடங்கி, முகம் சும்மா இருந்தால் மெல்லக் கூட்டலாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்தையே தொடக்கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் உண்டு, மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

கிளைகோலிக், லாக்டிக், சாலிசிலிக் போன்ற அமிலங்களை ரெட்டினாய்டு போடும் இரவில் தவிர்த்துவிடுங்கள். வாரத்தில் ஓர் இரவு போதும். இங்கே கணக்கில் விட்டுப்போவது ஃபேஸ் வாஷ். அதில் சாலிசிலிக் அமிலம், டோனரில் கிளைகோலிக், அதன்மேல் ரெட்டினால் என்றால் மூன்று அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது. ‘நான் ஒன்றுதான் போடுகிறேன்’ என்பவரின் முகம் ஏன் எரிகிறது என்பது லேபிளைப் படித்தால் புரியும். பார்லர் பிளீச்சும் ஸ்க்ரப்பும் இதே கணக்குதான். ரெட்டினாய்டு போடுபவர்கள் த்ரெடிங், வாக்ஸிங்குக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்தாவிட்டால் முடியோடு தோலும் வந்துவிடும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்ப்பதை அடியோடு விடுங்கள். அதன் பி.எச். இரண்டை ஒட்டியது. சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும், அதன் பின்னால் கருமையும் வரலாம்.

இவ்வளவும் செய்து சன்ஸ்கிரீன் போடாவிட்டால் பணம் வீண். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பலரும் அதில் கால்வாசிதான் போடுகிறார்கள். முகத்தில் மங்கு எனும் கருந்திட்டு இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கிறது. வெள்ளை சன்ஸ்கிரீன்கள் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் தடுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். ஒன்றைக் காதின் பின்புறம் சில நாள் தடவிப் பார்த்து, பிறகு முகத்துக்குக் கொண்டுவந்து, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. அப்போதுதான் எரிச்சல் வந்தால் எது காரணம் என்று தெரியும்.

மெடிக்கலில் ‘ஒரே வாரத்தில் கலர் வரும்’ என்று எடுத்துத் தரும் சின்ன ட்யூப்பும் ஒருவகைச் சேர்க்கைதான். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவையை மங்குக்காக 1975-ல் கிளிக்மன் வெளியிட்டார். மருத்துவர் பார்வையில் சில வாரம் மட்டும் போட வேண்டிய அதைச் சிலர் இங்கே வருடக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு வெடித்து, மீசை தாடி முளைக்கும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும் என்பதால் மறுபடி அதையே பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ட்யூப்பில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், ஃபுளுவோசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். தெரிந்தால், பல மாதமாகப் பூசி வந்தால், நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்கும் ட்யூப், குப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் இதைப் பார்த்துச் சரிசெய்கிறார்கள்.